முகம் பழக்கியவள்

கெட்டின புருஷனைப் புளியம் விளாரால் அடித்தவள் என்று திருவட்டாறு பக்கத்தில் தாணம்மாளைச் சொல்வார்கள். அடித்தாள் என்பது உண்மைதான். எதற்கு அடித்தாள், அவன் ஏன் நின்று வாங்கிக்கொண்டான் என்று கேட்டால் மட்டும் ஒருவனுக்கும் வாய் திறக்காது. அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தை மெல்லுவதில் ஊருக்கு ஒரு தனி ருசி. முழுசாகக் கேளுங்கள். கேட்ட பிறகு அவள் மேல் பரிதாபம் வந்தால் வரட்டும், வெறுப்பு வந்தால் அதையும் நான் தப்பென்று சொல்ல மாட்டேன்.

அப்பன் பனையிலிருந்து விழுந்து செத்தபோது தாணம்மாள் சின்னப் பிள்ளை. அம்மைக்காரி அவளைத் திருவனந்தபுரத்தில் ஒரு மதாம்மா வீட்டு வேலைக்குக் கொண்டுவிட்டாள். மதாம்மா பேர் கிளாரா. கொழும்பிலிருந்து வந்த பறங்கிக்காரி. பெரிய உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பாலே என்கிற வெள்ளைக்காரர் நடனத்தைக் கற்றுக்கொடுத்துப் பிழைத்துவந்தாள். கால்விரல் நுனியில் எழும்பி நிற்பதும், நின்ற இடத்தில் சுற்றுவதும், எட்டத் தாவி ஓசையில்லாமல் இறங்குவதும் அந்த நடனத்தில் உண்டு. பார்க்கப் பூப்போல இருக்கும். பழக்குகிற இடத்தில் போய் நின்று பார்த்தால்தான் அது என்ன பாடு என்று தெரியும்.

கிளாராவிடம் ஒரு பிரம்பு இருந்தது. ஆனால் திவான் கச்சேரி உத்தியோகஸ்தரின் மகளை அடிக்க முடியுமா? அடித்தால் அடுத்த நாள் பிழைப்பு போய்விடும். அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். தரை துடைக்க நின்ற தாணம்மாளைப் பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்தி, சுவரோரமாகக் கட்டியிருந்த கம்பியைப் பிடிக்கச் சொல்லி, அவள் காலை வைத்துக் கற்றுக்கொடுத்தாள். பிள்ளைகள் தப்புச் செய்தால் அடி தாணம்மாளின் கெண்டைக்காலில் விழும். அடி விழும்போது முகம் கோணினால் இன்னொரு அடி. வலி உன் வீட்டுச் சமாச்சாரம், பார்க்க வந்தவனுக்கு அது எதற்கு என்பது கிளாராவின் பேச்சு. அப்படி ஒரு கூட்டம் பிள்ளைகளின் தப்பையெல்லாம் காலில் வாங்கி வாங்கி, அவர்களில் ஒருத்திக்கும் வராத சுத்தம் இந்த வேலைக்காரிக்கு வந்துவிட்டது.

ஒரு வருஷம் பெரிய கொட்டகையில் ஆட்டம். முன்னால் ஆட வேண்டிய பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. வேறு வழியில்லாமல் கிளாரா தாணம்மாளுக்கு அந்த உடுப்பை மாட்டி, முகத்தில் வெள்ளை மாவை அப்பி மேடையேற்றினாள். கொட்டகை கைதட்டி ஓய நேரமாயிற்று. பிறகு ஒருவர் எழுந்து ஆடினவளின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். சொன்ன பெயர் அம்மை போட்டுப் படுத்திருந்தவளுடையது. மாலையும் அவள் வீட்டுக்குத்தான் போயிற்று. தாணம்மாள் மாவைக் கழுவிவிட்டுக் கொட்டகையைப் பெருக்கினாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசை. நாலு பேர் நிற்கிற இடத்தில் ஒரு தடவையாவது தன் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கேட்க வேண்டும். பைத்தியக்கார ஆசைதான். ஆனால் அதுதான் அவளை இழுத்துக்கொண்டு போயிற்று.

நாற்பத்தேழில் வெள்ளைக்காரன் போனதும் கிளாராவும் பெட்டியைக் கட்டிவிட்டாள். தாணம்மாள் திருவட்டாறுக்குத் திரும்பினாள். ஆட்டக்காரி வந்திருக்கிறாள் என்று ஊர் வாயில் போட்டு மென்றது. எவன் கட்டுவான்? சுயம்பு கட்டினான். அவனுக்கும் வேறு எவனும் பெண் கொடுக்கவில்லை, அதுதான் விஷயம்.

சுயம்பு வண்டிக்காரன். கதம்பை என்கிற தேங்காய் மட்டையும் மரச்சீனிக் கிழங்கும் ஏற்றிக் குழித்துறைச் சந்தைக்கு ஓட்டுவான். ஆனால் அவன் மனசெல்லாம் அடிமுறையில் கிடந்தது. வெறுங்கையால் அடித்துத் தடுத்து, வர்மம் பார்த்துத் தட்டி ஆளைச் சாய்க்கிற விளையாட்டு அது, களி என்பார்கள். பகவதியப்பன் ஆசானிடம் பழகினான். பழகி என்ன? ஆடி அமாவாசையில் முன்னோருக்குப் பலியிடுகிற வாவுபலிக்குக் குழித்துறை ஆற்றங்கரை மணலில் வருஷாவருஷம் அடிமுறைக் களம் போடுவார்கள். வருஷாவருஷம் கருங்கல் ஊர்க்காரன் ஞானசிங்கிடம் மல்லாந்து விழுந்துவிட்டு வருவான். விழுந்த ஆத்திரத்தை வீட்டுக்கு வந்து பொண்டாட்டி மேல் தீர்ப்பான். அதில் மட்டும் அவனுக்குத் தோல்வியே கிடையாது.

கட்டின பிறகு ஒரு வருஷம் அவளும் களம் பார்க்கப் போனாள். அவன் விழுவதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து அவன் கையை ஓங்கியபோது, ஒதுங்காமல் நின்று சொன்னாள்.

"நீங்க சுத்தி அடிக்கும்போ கண்ணும் உடம்போட சேந்து சுத்துது. நின்ன பொறவு அவனை நீங்க தேட வேண்டியிருக்கு. அந்த நேரத்துலதான் அவன் அடிக்கான்."

ஓங்கின கை இறங்கத்தான் செய்தது, கன்னத்தில். பொம்பளை அடிமுறையைப் பற்றிப் பேசுகிறாளே என்று அவனுக்குத் தாங்கவில்லை. ஆனால் சொன்னது உள்ளே குத்திக்கொண்டே கிடந்தது. வண்டி ஓட்டும்போதெல்லாம் அதுவே நினைப்பு. அடுத்த சந்தை முடிந்து வந்ததும், மாட்டை அவிழ்க்காமலேயே அவளிடம் வந்து, அன்றைக்கு என்ன சொன்னாய், திரும்பச் சொல்லு என்று கேட்டான்.

அவள் உடனே சொல்லிவிடவில்லை. ஒரு பேச்சு வைத்தாள். அடிமுறைக் களத்தில் இறங்குகிறவன் மணலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, தன்னைப் பழக்கியவர் பெயரை எல்லாரும் கேட்கச் சொல்ல வேண்டும். குரு சொல்லுதல் என்று அதற்குப் பேர். செயித்தவன் திரும்பவும் சொல்லுவான், புதிதாக ஒரு பேர் வந்தால் களத்து ஆசான் அதற்கு வெற்றிலை பாக்கு வைப்பார். ஒரு அடி கற்றுக்கொடுத்தவனாக இருந்தாலும் விடக்கூடாது. மறைத்தால் அந்தக் கை விளங்காது என்று சொல்வார்கள்.

"நான் பழக்குதேன். செயிச்சா எனக்க பேரையும் சொல்லுவேளா?"

செயித்தால் சொல்லுகிறேன் என்று அவன் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். காரியம் ஆக வேண்டியவன் செய்கிற சத்தியம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் நம்பினாள், ஏனென்றால் நம்ப ஆசைப்பட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் கதம்பை போட்டுவைக்கிற புரை. அதில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கமுகுத்தடியை நீளக் கட்டினாள். மத்தியானம் ஊர் உண்டு உறங்குகிற நேரத்தில் கதவைச் சாத்திவிட்டுப் பழக்கம் தொடங்கும். ஒரு கையால் தடியைப் பிடித்து, குதிகாலைச் சேர்த்து, பாதத்தை இரண்டு பக்கமும் விரித்து, முதுகு வளையாமல் மெல்ல இறங்கி மெல்ல ஏற வேண்டும். மூட்டை தூக்கின உடம்பு அவனுடையது, காட்டுமரம் மாதிரி. தொடை நடுங்கி வேர்த்து ஊற்றும். சுவரில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைத்தாள். சுற்றும்போது கண் அந்தப் பொட்டை விடக்கூடாது. உடம்பு முந்திச் சுற்ற வேண்டும், தலை கடைசிவரை நின்றுவிட்டு, வெட்டித் திரும்பி முதலில் பொட்டைப் பிடிக்க வேண்டும். அப்படிச் சுற்றினால் தலை கிறங்காது, எதிரி எங்கே நிற்கிறான் என்று தேடவும் வேண்டாம். தாவி இறங்கப் பழக்கும்போது தரையில் காய்ந்த ஓலையைப் பரப்பிவிடுவாள். இறங்கும்போது ஓலை சத்தம் போட்டால் தப்பு.

தப்புக்கு அடி. கிளாராவிடம் பிரம்பு, இவளிடம் புளியம் விளார். கெண்டைக்காலில் சுள்ளென்று வைப்பாள். முதல் நாள் அடி விழுந்ததும் அவன் விளாரைப் பிடுங்க வந்தான். அப்படியானால் போய் ஞானசிங்கிட்ட விழுங்க என்று கதவைத் திறந்துவிட்டாள். நின்ற இடத்திலேயே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

பல்லைக் கடிப்பதும் கூடாது என்றாள். நாடியைத் தூக்கு, உதட்டை லேசாகத் திற, தூரத்தில் எதையோ பார்த்துச் சிரிக்கிற மாதிரி வை, அடி விழுந்தாலும் அது மாறக்கூடாது. அடிமுறைக்காரன் எதிரியின் முகத்தைப் பார்த்துத்தான் அடுத்த அடியை வைப்பான், முகத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் அவனுக்குக் கண்ணைக் கட்டின மாதிரி இருக்கும் என்று விளக்கம் சொன்னாள். விளக்கம் சரிதான். ஆனால் முகத்தைப் பழக்கின நாட்களில் மற்ற நாட்களைவிட அவள் அதிகம் அடித்தாள். தப்பில்லாத காலிலும் அடித்தாள். கன்னத்தில் வாங்கினதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தாள், அவன் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டான். அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அதை நான் மறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

அடுத்த ஆடி அமாவாசைக்கு ஞானசிங் மல்லாந்து விழுந்தான். குழித்துறை மணலில் அப்படி ஒரு சுற்றை ஒருவரும் பார்த்ததில்லை. சனம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. களத்துக்கு ஆசான் பகவதியப்பன்தான். வெற்றிலை பாக்கை எடுத்து வைத்துக்கொண்டு, இந்தச் சுற்று நான் பழக்கினது இல்லையே, யாரு பழக்கினா என்று கேட்டார். பெண்கள் நிற்கிற பக்கத்தில் தாணம்மாள் முன்னால் வந்து நின்றாள்.

சுயம்பு கொஞ்சமும் தயங்கவில்லை. திருவனந்தபுரம் சாலைக் கம்போளச் சந்தைக்கு லோடு கொண்டுபோனபோது தலச்சேரிக் களரியில் அடிதடி பழக்குகிற குருக்கள் ஒருவரைக் கண்டதாகவும், அவர் பழக்கியதாகவும் சொன்னான். ஆசான் அந்த இல்லாத குருக்களுக்கு வடக்கு நோக்கி வெற்றிலை வைத்துக் கும்பிட்டார். சனமும் கும்பிட்டது.

வீட்டுக்கு வந்து அவள் கேட்டதற்கு, ஆம்பிளைகள் நிற்கிற களத்தில் பொம்பளை பேரைச் சொல்லி நான் சேலை உடுத்திக்கொள்ளவா என்று கத்தினான். பிறகு வேலை ஆக வேண்டுமே, கொஞ்சம் இறங்கி வந்து அடுத்த வருஷம் பார்ப்போம் என்றான். அடுத்த வருஷமும் செயித்தான். அடுத்த வருஷமும் தலச்சேரிக் குருக்கள்தான். அவருக்கு ஊரில் பேர் ஏறிக்கொண்டே போயிற்று. குருக்களைப் பார்த்தவர்கள்கூட ஒன்றிரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள்.

ஐம்பத்துமூன்றாம் வருஷம் வந்தது. இந்த வருஷம் கட்டாயம் சொல்லுகிறேன், பழக்கு என்றான். மூன்றாம் தடவையும் நம்பினாளா என்று கேட்காதீர்கள். பழக்கினாள். களத்தில் இறங்கி மணலைத் தொட்டு அவன் பெயர்களைச் சொன்னான். ஆசான் பேர் வந்தது, குருக்கள் பேர் வந்தது, அவ்வளவுதான். விழட்டும், இன்றைக்கு விழட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டாள்.

இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். வர்மத்தில் அடிபட்டவன் முகத்தில் குறி தெரியும். கண் செருகும், மூக்கு நுனி வெளுக்கும், உதடு ஒரு பக்கமாக இழுக்கும். ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற ஆசான் குறியைக் கண்டதும் களியை நிறுத்தி, எந்த வர்மம் என்று பார்த்து, அதற்குரிய இடத்தில் தட்டி எழுப்பிவிடுவார். நேரத்தோடு தட்டினால் ஒன்றுமில்லை, எழுந்து வீட்டுக்கு நடந்துபோகலாம். குறி தெரியாமல் தட்டக்கூடாது, தப்பான இடத்தில் தட்டினால் அந்தத் தட்டே ஆளைக் கொன்றுவிடும். அடிமுறையில் முகம் காட்டிக்கொடுப்பது பலவீனமில்லை, அதுதான் உயிர்க்காவல். கிளாராவுக்கு இது தெரிய நியாயமில்லை. தாணம்மாளுக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருக்க வேண்டிய சுயம்புவோ செயிக்கிற வெறியில் அதை மறந்துபோனான்.

ஞானசிங்கின் கை ஒரு தடவை உள்ளே புகுந்து வந்தது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. சுயம்பு அதே சிரித்த முகத்தோடு சுற்றினான். சனம் ஆர்ப்பரித்தது. தாணம்மாள் மட்டும் பார்த்தாள், அவன் தலை நிற்கவில்லை. உடம்போடு சேர்ந்து தலையும் சுற்றியது. இறங்கும்போது குதிகால் மணலில் தொப்பென்று விழுந்தது. பழக்கினவளுக்கு அது போதும். விழட்டும் என்று வேண்டினவள்தான், ஆனாலும் கால் தானாக ஓடிற்று. பெண் கால் வைக்கக்கூடாத களத்துக்குள் ஓடிப்போய் ஆசான் முன்னால் நின்றாள்.

"நிறுத்துங்கோ ஆசானே. அவுகளுக்கு வர்மத்துல பட்டிருக்கு."

ஆசான் சுயம்புவின் முகத்தை உற்றுப் பார்த்தார். கண் தெளிவாக இருந்தது, உதடு சிரித்தது. ஒரு குறியும் இல்லையே, உனக்கு எப்படித் தெரியும் என்று அவளிடம் கேட்டார்.

"கண்ணு நிக்கல. தலை கூடச் சுத்துது. நான் பழக்கின உடம்பு ஆசானே, எனக்குத் தெரியாதா?"

ஆசான் சுயம்பு பக்கம் திரும்பினார். "ஏலே, இவ சொல்லுதது உள்ளதா? இவளா உன்னைப் பழக்கினா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். இவள் சொல்வது நம்பத்தக்கது என்று ஆசானுக்கு விளங்கியிருக்கும், எங்கே பட்டது என்று கேட்டுத் தட்டியிருப்பார். அவனுக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருக்காது. தெரிந்துதான் சொன்னான்.

"எனக்க பொஞ்சாதி, மதாம்மா வீட்டுல பாத்திரம் தேச்சவ. இவளுக்கு என்ன தெரியும்? எனக்கு ஒண்ணும் படல்ல."

அவள் அவன் கையைப் பிடித்தாள். இத்தனை பேருக்கு நடுவில் கெஞ்சினாள். "முகத்தை விடுங்க. வலிக்குன்னா காட்டுங்க. இப்போ காட்டலாம்."

அந்த முகத்தை மாற்றாமலேயே அவளை இழுத்துக்கொண்டு போய்க் களத்துக்கு வெளியே தள்ளினான். அவள் மணலில் விழுந்தாள். பெண்கள் சிலர் சிரித்தார்கள். அவன் திரும்பிப் போய்ச் சுற்றுக்குக் காலெடுத்தான், பாதி சுற்றில் உருண்டான்.

விழுந்த பிறகும் முகம் கலையவில்லை, அதுதான் கொடுமை. கால் வழுக்கிவிட்டது போல என்று நினைத்து ஆசான் நிதானமாக எழுந்து வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது மெல்ல மெல்லக் குறி வெளியே வந்தது. அதற்குள் தட்டுகிற நேரம் தப்பிவிட்டது. உயிரை மீட்டார், மற்றதை மீட்க முடியவில்லை. இடுப்புக்குக் கீழே போயிற்று, பேச்சும் போயிற்று. குறி காட்டாதவனை நான் எப்படித் தட்டுவேன் என்று ஆசான் சனத்திடம் கையை விரித்தார். சனத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். பொம்பளை களத்தில் கால் வைத்தாள், அதனால் ஆளை விழுங்கிவிட்டாள் என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டார்கள்.

மாட்டை விற்றாயிற்று. தாணம்மாள் கதம்பை அடித்துக் கயிறு திரித்துக் கஞ்சி காய்ச்சினாள். மலமும் மூத்திரமும் அவள்தான் அள்ளினாள். கட்டிலில் கிடந்த சுயம்புவுக்கு முகத்தைப் பிடித்துவைக்கிற தெம்பெல்லாம் போய்விட்டது. புரட்டிப் போட்டால் அழுவான், பசித்தால் வாய் கோணும், கோபம் வந்தால் கழுத்து நரம்பு புடைக்கும். அவள் அதையெல்லாம் ஒரு வரி விடாமல் படித்தாள். கஞ்சிச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "யாரு உங்களைப் பழக்கினா?" என்று கேட்பாள். பதில் வராது என்று தெரிந்துதான் கேட்பாள். தொண்டையில் ஏதோ புரளும், கண்ணீர் வழியும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஊட்டுவாள். சில நாள் கஞ்சி ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். பாவமா? பாவம்தான். பார்த்த நேசம்மாள் என்கிற பக்கத்து வீட்டுக்காரி, இப்படிச் செய்யாதே தாணம்மா, உருப்பட மாட்டாய் என்று சொல்லிப் பார்த்தாள். இனி உருப்பட என்ன இருக்கிறது என்று இவள் கேட்டாள்.

அடுத்த வருஷம் ஆடியில், தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நடந்த போராட்டத்தில் சண்டையும் துப்பாக்கிச் சூடுமாக ஊரே கலங்கிக் கிடந்தது, களம் போடவில்லை. அது அடங்கின பிறகு ஒரு நாள் ஞானசிங் வந்தான். முற்றத்தில் நின்றுகொண்டு, உள்ளே வரலாமா மயினி என்று கேட்டான். அவள் கதம்பை நாரை உதறுவதை நிறுத்தவில்லை. எனக்கும் அந்தச் சுற்றைப் பழக்கிக் கொடுக்க வேண்டும் என்றான்.

தலச்சேரிக்குப் போ, அங்கே ஒரு குருக்கள் இருக்கிறாராம் என்றாள்.

"அண்ணைக்கு நீங்க சொன்னது உள்ளதுதான், மயினி. எனக்க கையில பட்டது எனக்குத் தெரியாதா?"

அவள் நாரைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சும் நீ ஏன் சொல்லல, தம்பி?"

அவன் மண்ணைப் பார்த்தான். "செயிக்கணும்னு தோணிச்சு" என்றான்.

வேறொருத்தியாக இருந்தால் சாணியைக் கரைத்து மூஞ்சியில் ஊற்றியிருப்பாள். பொய் சொல்லாத ஒரு ஆம்பிளையைத் தாணம்மாள் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தாள், அவனும் இப்படிப்பட்டவன். சரி, பழக்குகிறேன் என்றாள். ஆனால் களத்தில் என் பேரைச் சொல்ல வேண்டும், எங்க வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வருவேன், அவர் கேட்கச் சொல்ல வேண்டும் என்றாள். ஞானசிங் பைபிளின் மேல் கை வைப்பதாகச் சொன்னான். பைபிள் வேண்டாம், சொன்னால் போதும் என்றுவிட்டாள்.

பழக்கம் அதே புரையில்தான். கட்டிலையும் இழுத்து அங்கேயே போட்டாள். கதவைச் சாத்தவில்லை, இப்போது யாருக்கு ஒளிக்க வேண்டும்? ஞானசிங் தடியைப் பிடித்து முழங்காலை மடக்கும்போதெல்லாம் சுயம்பு கட்டிலில் கிடந்து கையால் பலகையை அறைவான். தொண்டை கிழியக் கத்துவான். தன்னை இந்த நிலைக்கு ஆக்கினவன் தன் புரையில், தன் பொண்டாட்டியிடம், தான் அடி வாங்கின அதே விளாரால் அடி வாங்கிப் பழகுகிறான். ஞானசிங்குக்கே ஒரு கட்டத்தில் பொறுக்கவில்லை. கட்டிலைத் திருப்பியாவது போடுங்கோ மயினி என்றான். அவள் போடவில்லை.

எல்லாம் பழக்கினாள், முகத்தை மட்டும் பழக்கவில்லை. அவன் கேட்டதற்கு, அது உனக்கு வேண்டாம், வலித்தால் கத்திவிடு, உயிரோடு வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

ஐம்பத்தைந்து ஆடி அமாவாசை. தாணம்மாள் வாடகை வண்டி பிடித்து, வைக்கோல் போட்டு, சுயம்புவைக் குளிப்பாட்டி வெள்ளை வேட்டி உடுத்திக் கிடத்தினாள். எங்கே போகிறோம் என்று தெரிந்ததும் அவன் வழி நெடுக முரண்டு பிடித்தான். களத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தச் சொல்லி, அவனை நிமிர்த்தித் தலையணையை அண்டக் கொடுத்து உட்கார்த்தினாள். எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். செத்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

ஞானசிங் இறங்கினான். மணலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினான். செத்துப்போன தன் பழைய ஆசானின் பேரைச் சொன்னான். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, குரலை உயர்த்திச் சொன்னான்.

"என்னைப் பழக்கினது தாணம்மாள். சுயம்பு அண்ணனைப் பழக்கினதும் அவுகதான்."

பகவதியப்பன் ஆசான் காதை நீட்டி, யாரு என்றார். ஞானசிங் திரும்பவும் சொன்னான். ஆசானுக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும், முகம் இருண்டுபோயிற்று. வெற்றிலை பாக்கை எடுத்து, வண்டி நின்ற திசையைப் பார்த்து மணலில் வைத்தார். இத்தனை வருஷம் காத்துக் கிடந்த பெயர் அது. சத்தமாக, இரண்டு தடவை, ஆறும் மணலும் கேட்கச் சொல்லியாயிற்று.

தாணம்மாள் அதை நின்று அனுபவிக்கவில்லை. அவள் களத்தையே பார்க்கவில்லை. பெயர் வருகிற அந்த நேரத்தில் சுயம்புவின் முகம் எப்படி நொறுங்குகிறது என்று பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வண்டி பிடித்து வந்தாள். அவள் கண் அங்கேதான் இருந்தது.

சுயம்பு நாடியைத் தூக்கினான். உதட்டை லேசாகத் திறந்தான். ஆற்றுக்கு அக்கரையில் எதையோ பார்த்துச் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டான். வீட்டில் இரண்டு வருஷமாக ஒரு சின்ன நோவைக்கூட ஒளிக்க முடியாமல் கிடந்தவன், இருந்த தெம்பையெல்லாம் கூட்டி அந்த ஒன்றை மட்டும் செய்தான். ஒரு தப்பு இல்லை. கிளாரா பார்த்திருந்தால்கூடப் பிரம்பைக் கீழே வைத்திருப்பாள்.

தாணம்மாள் குனிந்தாள். காட்டுங்க என்று காதோடு சொன்னாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. அவன் மேல் போர்த்தியிருந்த துண்டுக்கு அடியில் கையை விட்டு, உணர்ச்சி மிச்சமிருந்த மேல்கையின் சதையைப் பிடித்து நகம் இறங்கக் கிள்ளினாள். முறுக்கிக் கிள்ளினாள். அந்த முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

களத்தில் ஆட்டம் தொடங்கிவிட்டது. வண்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒருத்தி இன்னொருத்தியைத் தொட்டுக் காட்டினாள். பாவம் மனுஷன், பொண்டாட்டி பேரைக் களத்தில் சொன்னதும் எப்படிச் சந்தோஷப்பட்டுச் சிரிக்கிறார் பாரு என்றாள். மற்றவளும் எட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம், பாசமான மனுஷன் என்றாள். தாணம்மாள் கிள்ளின கையை விடாமல், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.